டாக்டர் வீட்டு லான்செஸ்டர்

நவம்பர் 3, ஞாயிறு

ஆறுச்சாமி சொன்னபோது நான் நம்பவில்லை. மலையில் பழைய கார் ஒன்று நிற்கிறது என்று யாராவது சொன்னால், போய்ப் பார்த்தால் கோழி அடைக்கிற அம்பாசடராகத்தான் இருக்கும். ஆனால் ஆறுச்சாமி கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை. மேட்டுப்பாளையத்தில் என் டிரைவிங் ஸ்கூல் வண்டிகள் இரண்டையும் இருபது வருஷமாக அவன்தான் பார்த்துக்கொள்கிறான். ஏதோ எஸ்டேட் ஜீப்பைச் சரிபண்ணக் கோத்தகிரி போனவன், திரும்பி வந்ததும் நேராக என்னிடம் வந்தான். பேர் லான்செஸ்டராம், தான் கேள்விப்பட்டதே இல்லை, நீ வந்து பார் என்றான்.

காலையில் பஸ்ஸில் போனோம். நம் வண்டியை எடுத்துக்கொள்ளலாமே என்று ஆறுச்சாமி கேட்டான். மலைப்பாதையில் இன்னொருவர் ஓட்ட நாம் உட்கார்ந்து போவது ஒரு சுகம் என்று சொன்னேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து தேயிலைக்கு நடுவே பத்து நிமிஷம் நடை. பனி இறங்கியிருந்தது. வீட்டுக்காரம்மா பெயர் எஸ்தர் மனோரஞ்சிதம். வயது அறுபத்தாறு. காலேஜ் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். வீட்டை விற்றாயிற்று, வருஷக் கடைசியில் மைசூரில் தங்கையோடு போய் இருக்கப்போகிறார். கார் அவருடைய அப்பாவுடையது. அவர் சுற்று வட்டார எஸ்டேட்டுகளுக்கெல்லாம் டாக்டராக இருந்தவர்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. கதவை மூன்று பேர் சேர்ந்துதான் திறக்க முடிந்தது.

அது உள்ளே நின்றுகொண்டிருந்தது. வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. தகரத்தில் இருந்த ஓட்டைகள் வழியாக வெளிச்சம் பொட்டுப் பொட்டாக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. பச்சையா கறுப்பா என்று சொல்ல முடியாத நிறம். ஓரிடத்தில்கூடப் புதுப் பெயின்ட் இல்லை. நாற்பத்தெட்டாம் வருஷத்து வண்டி, வந்த நாளில் அடித்த பெயின்டோடு அப்படியே இருக்கிறது. பின்கதவில் கைப்பிடியைச் சுற்றிப் பெயின்ட் தேய்ந்து தகரம் தெரிந்தது. படிப்பலகையின் இடுக்கில் சின்னதாக ஒரு பெரணிச்செடி முளைத்திருந்தது. முன்பக்கத்து வலது விளக்குக்குப் பின்னால் காலியான ஒரு குருவிக் கூடு.

எழுபத்திநாலில் நிறுத்தியதாம். அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

பெங்களூரில் விடுதி நடத்துகிற ஒருவர் கேட்டிருக்கிறாராம். வண்டியைப் பிரித்து, சிவப்பு பெயின்ட் அடித்து, கல்யாண ஜோடிகள் சாய்ந்து நின்று படம் எடுக்க வாசலில் நிறுத்துவாராம். எஸ்தர் மேடத்துக்கு அதில் மனசில்லை. இப்படியே வைத்துக்கொள்கிற ஆளாக இருந்தால் நல்லது என்றார். டிசம்பர் பத்துக்குள் சொல்லச் சொன்னார். விலை என் கைக்கு எட்டுவதுதான். அதனால் அந்தச் சாக்கு எனக்கு இல்லை.

இறங்கும்போது ஆறுச்சாமி தூங்கிவிட்டான். நான் கண்ணை மூடினால் அந்த வெளிச்சப் பொட்டுகள் தெரிந்தன.


நவம்பர் 4, திங்கள்

நான்கு பேருக்கு வகுப்பு. மனசெல்லாம் மேலேயே இருந்தது.


நவம்பர் 6, புதன்

வளர்மதி டீச்சர் இன்று நன்றாக பிரேக் போட்டார்.

அவர் காரமடைப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. நாற்பத்தாறு வயதில் ஓட்டப் பழக வந்திருக்கிறார். மூன்று வாரமாக வருகிறார். பயந்த கை, ஆனால் சொன்னதைக் கேட்கிற கை. தென்னை ஓலை கட்டிக்கொண்டு ஒரு சைக்கிள்காரர் இடது பக்கத்திலிருந்து குறுக்கே வந்துவிட்டார். என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. நான் அதை மிதிக்கும் முன்பே டீச்சர் மிதித்துவிட்டார். வண்டி நின்றது. ஓலை கண்ணாடியில் உரசிக்கொண்டு போனது.

எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை என்றேன். அவர் ரொம்ப நேரமாக நம் பக்கத்திலேயேதான் வந்துகொண்டிருந்தார் சார் என்றார் டீச்சர். பதற்றத்தில் அப்படித் தோன்றியிருக்கும்.


நவம்பர் 8, வெள்ளி

அம்சாவிடம் காரைப் பற்றிச் சொன்னேன். ஐந்து நாளாகச் சொல்லாமல் இருந்ததே பெரிய விஷயம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நான் எதையும் அவளிடம் இத்தனை நாள் மறைத்ததில்லை. வேறொன்றைத் தவிர, அதைப் பிறகு எழுதுகிறேன்.

கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். என்ன நிறம், கதவு எத்தனை, உள்ளே என்ன வாசனை என்றெல்லாம் கேட்டாள். பழைய தோலும் தைலமும் கலந்த வாசனை என்றேன். தையல் மிஷின் பெட்டியைத் திறந்தால் வருகிற மாதிரியா என்றாள். ஆமாம், ஏறக்குறைய அப்படித்தான்.

"அதை யாருங்க ஓட்டறது?" என்றாள் கடைசியில்.

இது என்ன கேள்வி. முப்பத்தொரு வருஷமாக ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் வீட்டில் கேட்கிற கேள்வியா. நான் எழுந்து வந்துவிட்டேன்.

வாசலில் இடது பக்கம் இருந்த செம்பருத்தித் தொட்டியை அவள் நகர்த்தி வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். அங்கே வெயில் படவில்லை என்றாள். அங்கேதான் நன்றாக வெயில் படும்.


நவம்பர் 10, ஞாயிறு

மறுபடி கோத்தகிரி. ஆறுச்சாமி போன ஞாயிறே பிளக்குகளைக் கழற்றி எண்ணெய் ஊற்றி வைத்துவிட்டு வந்திருந்தான். இன்று முன்னால் கைப்பிடியைச் சொருகி மெதுவாகச் சுற்றிப் பார்த்தான். முதலில் அசையவில்லை. பிறகு உள்ளே ஏதோ பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றியது. எஸ்தர் மேடம் கொட்டகை வாசலில் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, பானட்டின் மேல் ஒரு நிமிஷம் கையை வைத்திருந்தார்.

இந்த வண்டியின் கியர் விசித்திரமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. எந்தக் கியர் வேண்டுமோ அதை முன்கூட்டியே அதில் வைத்துவிடலாம். வைத்ததும் ஒன்றும் ஆகாது, வண்டி பழையபடி போய்க்கொண்டிருக்கும். நாம் எப்போது இடது காலால் மிதித்து விடுகிறோமோ அப்போதுதான் அது விழும். கிளட்ச் என்று தனியாக இல்லை. நடுவில் எண்ணெய்தான் சுழல்கிறது. நின்றாலும் வண்டி அணையாது. என்னிடம் பழக வந்தவர்களில் பாதிப் பேர் மேட்டில் வண்டி அணைந்ததற்காக அழுதிருக்கிறார்கள். இதில் பழகியிருந்தால் ஒருவரும் அழுதிருக்க மாட்டார்கள்.

ஆறுச்சாமி அடியில் படுத்து பிரேக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் தூசி படிந்து, அதற்கு வெளியே தகரக் கதவு, அதற்கு வெளியே பனி. எல்லாம் ஒரே வெண்மை. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. கனவில் வண்டி போய்க்கொண்டிருந்தது. சாலை இல்லை. இரண்டு பக்கமும் பால் மாதிரி ஒன்று விலகி விலகி வழிவிட்டது. நான் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வண்டிக்கே எல்லாம் தெரிந்திருந்தது.

ஆறுச்சாமி தட்டி எழுப்பினான். "உன் மூஞ்சியில இப்படி ஒரு களைய நான் பார்த்ததே இல்ல" என்றான்.


நவம்பர் 13, புதன்

கோயம்புத்தூர் போய் வந்தேன். பார்க்க வேண்டிய ஒரு வேலை. அம்சாவிடம் டயர் பார்க்கப் போவதாகச் சொன்னேன்.

மூன்று மணி நேரம் காத்திருந்தேன். பிறகு ஓர் இருட்டறையில் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடிக் கட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். நடுவில் இருக்கிற புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே வெளிச்சப் பொட்டு தோன்றி மறையும். தெரியும்போதெல்லாம் அழுத்த வேண்டும்.

அழகாக இருந்தது. விடியப்போகிற வானத்தில் கடைசி நட்சத்திரங்கள் மாதிரி. ஒன்று வரும், போகும். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமே வராது. சும்மா வெண்மை. அந்த நேரங்களில் எனக்கு அந்தக் கொட்டகை ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன்.

சோதனை செய்த பெண் பேப்பரை எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை செய்து பார்க்கலாமா அய்யா என்று கேட்டாள்.


நவம்பர் 14, வியாழன்

மழை. வகுப்பு இல்லை. சந்தோஷமாக இருந்தது.


நவம்பர் 17, ஞாயிறு

ஆறுச்சாமிக்கு உறவில் ஒரு விசேஷம். நான் மட்டும் போனேன். எஸ்தர் மேடம் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டிக்கொண்டிருந்தார். நானும் உதவினேன். பிறகு இருவரும் கொட்டகைக்குப் போனோம். அவர் பழக்கம் போலப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சின்ன வயசிலிருந்து அதுதான் தன் இடம் என்றார்.

பின்கதவில் பெயின்ட் தேய்ந்ததைப் பற்றிக் கேட்டேன். எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், கதவைத் திறக்கும் முன் அந்த இடத்தில்தான் கையை ஊன்றி நிற்பார்களாம். இருபத்தாறு வருஷம். வேறு வேறு கைகள், ஒரே இடம். விடுதிக்காரர் அதைத்தான் முதலில் காட்டி, இதெல்லாம் பட்டி பார்த்துச் சரி செய்துவிடலாம் என்றாராம். அன்றைக்கே தனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது என்றார்.

வண்டிக்கு எழுபத்திநாலில் என்ன கோளாறு வந்தது, ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டேன். ஆறுச்சாமி தேடித் தேடிப் பார்த்துவிட்டான், பெரிதாக எதுவும் அவனுக்குத் தட்டுப்படவில்லை.

கண்ணாடி முழுக்கப் பனி ஒட்டிக்கொண்டிருந்தது.

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல. அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுது. ஒருநாள் மத்தியானம் வந்தார். வண்டிய உள்ள விட்டார். சாவிய ஆணியில மாட்டினார். இனிமே நடந்து போய்ப் பாத்துக்கறேன்னு சொன்னார். அவ்வளவுதான்."

யாரும் எதுவும் சொன்னார்களா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவே தெரியாது என்றார். ஊசி போடும்போது நடுங்காத கை, ஸ்டீயரிங் பிடிக்கும்போது மட்டும் நடுங்கியிருக்கிறது. அவர் ஒருவருக்குத்தான் அது தெரியும். அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் இதற்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பாராம்.

பிறகு அவர் என்னைக் கேட்டார். நீங்கள் இதை ஓட்டுவீர்கள் அல்லவா, ஆறுச்சாமி சொன்னார், நீங்கள் ஊரிலேயே பெரிய டிரைவர் என்று.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ் வர இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது.


நவம்பர் 20, புதன்

கோயம்புத்தூர். சின்ன வயசு டாக்டரம்மா. பொறுமையாகப் பேசினார். காகிதத்தில் இரண்டு வட்டங்கள். வட்டங்களுக்குள் கறுப்பும் சாம்பலும். இடது பக்கத்துக் கறுப்பு பெரிதாக, மலையடிவாரம் மாதிரி வளைந்து இருந்தது. மேலே கொஞ்சம் வெள்ளை. நடுவில் வெள்ளை. நடுவில் இருப்பது இருக்கும் என்றார். சொட்டு மருந்தை ஒருநாளும் விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்றார். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போகிற நோய். வலிக்காது. சத்தமில்லாமல் ஓரங்களிலிருந்து உள்ளே வரும்.

வண்டி ஓட்டுவீர்களா என்று கேட்டார். எப்போதாவது என்றேன். இனி வேண்டாம் என்றார். என்ன தொழில் என்று கேட்டார். ஸ்கூல் வைத்திருக்கிறேன் என்றேன். என்ன ஸ்கூல் என்று அவர் கேட்கவில்லை.

ஆகஸ்டிலேயே கண்ணாடிக் கடைக்காரர் என்னை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அதை இந்த நோட்டில் நான் எழுதவில்லை. பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். "இந்த வருஷம் பனி சீக்கிரம்" என்று செப்டம்பரில் மூன்று தடவை எழுதியிருக்கிறேன். மேட்டுப்பாளையத்தில் செப்டம்பரில் ஏது பனி.


நவம்பர் 21, வியாழன்

வளர்மதி டீச்சருக்குப் போன் செய்து, உடம்பு சரியில்லை என்று சொல்லி இன்றைய வகுப்பை விட்டுவிட்டேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெளிவாகச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.


நவம்பர் 24, ஞாயிறு

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

அம்சா தானும் வருவதாகச் சொன்னாள். அந்த வண்டியைப் பார்க்காமல் தான் எப்படிச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வது என்றாள். நீலப் புடவை கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னல் சீட் எனக்குத் தரவில்லை, தானே உட்கார்ந்துகொண்டாள். அது இடது பக்கம்.

மேலே நல்ல பனி. எஸ்தர் மேடமும் அவளும் பார்த்ததுமே ஒட்டிக்கொண்டார்கள். அடுக்களையில் எதையோ பேசிச் சிரித்தார்கள். பிறகு மேடம், நீங்கள் இருவரும் போய்ப் பாருங்கள், எனக்குப் பெட்டி கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அம்சா வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். கோயிலில் நடக்கிற வேகம். பின்கதவில் தேய்ந்த இடத்தில் கையை வைத்தாள். நான் அந்தக் கதையைச் சொல்லியிருந்தேன். அவள் கை அந்த இடத்துக்குச் சரியாக இருந்தது. பிறகு ஏறி முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தியதும் வெளிச் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. தேயிலையிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது.

நான் அந்தக் கியர்க் குச்சியைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் வேறு பேச வேண்டியிருக்கும். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் நான் நிறுத்தினேன்.

"எனக்குக் கண்ணு போயிட்டிருக்குது அம்சா" என்றேன்.

அவள் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுமுங்க."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஆடி மாசத்திலிருந்து என்றாள். சோற்றுத் தட்டில் இடது பக்கம் வைக்கிற பொரியலை நான் தொடுவதே இல்லையாம். பிடிக்கவில்லை போல என்று முதலில் நினைத்தாளாம். பிறகு ஒருநாள் தட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தாளாம், சாப்பிட்டேனாம். செம்பருத்தித் தொட்டியில் நான் இரண்டு தடவை இடித்துக்கொண்டேனாம். ஒரு தடவை இடித்தது எனக்கே தெரியவில்லையாம். சொட்டு மருந்துக் குப்பியை என் சட்டை மடிப்புக்குள் பார்த்திருக்கிறாள். நீங்களாகச் சொல்லட்டும் என்று இருந்தாளாம்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பீர்கள், அப்புறம் அந்தப் பொய்யை நீங்கள் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்றாள். உண்மைதான்.

அதற்குப் பிறகு அந்த சைக்கிளைப் பற்றிச் சொன்னேன். டீச்சர் பிரேக் போட்டதை. அதை இந்த நோட்டில் எழுதிய மாதிரி சொல்லவில்லை. நடந்த மாதிரி சொன்னேன். சைக்கிள்காரர் எங்களோடு இணையாக வெகுதூரம் வந்தார், நான் பார்க்கவே இல்லை, என் கால் அசையவே இல்லை. சொல்லும்போது அழுதேன். முப்பத்தொரு வருஷத்தில் என் வண்டியில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஒரு மாணவியால்தான் அது இன்னும் அப்படியே இருக்கிறது.

அம்சா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். தூசி படிந்த வண்டி, புடவை அழுக்காகும் என்று நினைத்தேன். என்னென்னவோ தோன்றுகிறது அந்த நேரத்தில்.

"வாங்கறதா வேண்டாமா, நீயே சொல்லு" என்றேன்.

அவள் டாஷ்போர்டு மரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஓட்டலாம்னு நெனச்சுட்டு வாங்கறதா இருந்தா வேண்டாமுங்க. ஓட்ட முடியாதுன்னு தெரிஞ்சும் வேணும்னு தோணுச்சுன்னா வாங்குங்க."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாள்.


நவம்பர் 25, திங்கள்

வளர்மதி டீச்சர் பள்ளிக்கே போனேன். மதிய இடைவேளை. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். நான் ஏதோ பெரிய மனுஷன் மாதிரியும் அவர் தப்புச் செய்த பிள்ளை மாதிரியும் நின்றார். பிறகு, கோபம் வருகிறது சார், அதைச் சொல்லிவிடுகிறேன் என்றார். சொல்லுங்கள் என்றேன். அன்றைக்கு நான் மிதிக்காமல் இருந்திருந்தால் வாழ்நாளெல்லாம் என்னால்தான் என்று நினைத்திருப்பேனே என்றார்.

இனி என் ஸ்கூலில் இன்னொரு மாஸ்டரான துரைசாமி அவருக்குச் சொல்லிக்கொடுப்பான் என்றேன். வர விருப்பமில்லை என்றால் அதுவும் சரி. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

மாலையில் ஸ்கூல் வண்டியில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்த என் மெத்தையைக் கழற்றினேன். முதுகுக்கு வைக்கிற சின்ன மெத்தை. அதன் இடத்தில் சீட்டின் துணி புதிது மாதிரி இருந்தது.


நவம்பர் 27, புதன்

வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பார்வை போகிறவனுக்கு எதற்குக் கார்.


நவம்பர் 28, வியாழன்

டீச்சர் வந்தார். துரைசாமியோடு ஒரு மணி நேரம் ஓட்டினார். நான் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவர், துரைசாமி சார் ரொம்பக் கத்துகிறார் என்று என்னிடம் புகார் செய்தார். துரைசாமியைக் கூப்பிட்டுச் சொன்னேன். இதுவும் ஒரு வேலைதான்.


நவம்பர் 30, சனி

மத்தியானம் கண்ணயர்ந்தபோது மறுபடி அந்தக் கனவு. அதே வெண்மை, அதே வண்டி. ஆனால் இந்தத் தடவை ஓட்டுகிற இடத்தில் யாரும் இல்லை. நான் பயந்து முன்னால் போகவில்லை. பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்த பிறகு வெகுநேரம் உடம்பு லேசாக இருந்தது.


டிசம்பர் 1, ஞாயிறு

எஸ்தர் மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். ஏழு பெட்டிகளும் ஒரு நாற்காலியும்தான் வீட்டில் இருந்தன. நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள், இதை ஓட்டுவேன் என்று நீங்கள் நம்பும்படி நடந்துகொண்டேன் என்றேன். கண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. எத்தனை தூரம் தெரிகிறது, படிக்க முடிகிறதா என்று கேட்டார். நூலகர் அல்லவா. படிக்க முடிகிறது என்றதும் அவருக்கே நிம்மதி மாதிரி இருந்தது.

விடுதிக்காரருக்கே கொடுத்துவிடுங்கள், நான் விலகிக்கொள்கிறேன் என்றேன்.

"ஓட்டறதுக்கு வேண்டாம். சரி. வேற எதுக்காவது வேணுமா?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். யோசிக்காமல் சொன்னால் பொய்யாகிவிடும் என்று பயமாக இருந்தது. அதற்குள் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அவசரம் இருப்பதில்லை என்றேன். வேறெங்கேயும் இப்போதெல்லாம் அப்படி இல்லை. நடக்கும்போதுகூட இடது பக்கம் என்ன வரப்போகிறதோ என்று உடம்பு இறுகிக்கொண்டே இருக்கிறது. அந்த சீட்டில் இறுகுவதில்லை. தேய்ந்த இடங்கள் தேய்ந்தபடியே இருக்கட்டும். எஞ்சினை ஆறுச்சாமி ஓடவைப்பான். வாரத்தில் ஒருநாள் அவன் ஊரைச் சுற்றி ஓட்டுவான், நாங்கள் உட்கார்ந்து போவோம். மற்ற நாளில் சும்மா உள்ளே உட்கார்ந்திருப்பேன். இதெல்லாம் ஒரு காரணமா என்று எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பா பதினோரு வருஷம் ஓட்டாமத்தான் வச்சிருந்தார். அந்த வருஷங்கள்லதான் அவர் எங்ககூட நல்லாப் பேசினார்" என்றார்.

எழுந்து உள்ளே போய் வண்டியின் காகிதங்களை எடுத்து வந்தார். பழைய பதிவுப் புத்தகம், நீல மையில் அவர் அப்பாவின் கையெழுத்து. முதல் பக்கத்தில் உறுதியாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் எழுத்துகள் நடுங்கியிருந்தன. அதைப் பார்க்கும்போது நான் வாங்கப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது. முடிவெடுத்த மாதிரி இல்லை. எப்போதோ எடுத்தது இப்போது வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.


டிசம்பர் 5, வியாழன்

சொட்டு மருந்து: காலை, இரவு. அம்சாவே போட்டுவிடுகிறாள். இனி எழுதத் தேவையில்லை.


டிசம்பர் 8, ஞாயிறு

கொண்டுவந்துவிட்டோம்.

எஞ்சின் ஓடுகிற நிலைக்கு வர இன்னும் ஒரு மாசமாவது ஆகும் என்றான் ஆறுச்சாமி. அதனால் லாரி. உருளைக்கிழங்கு மண்டிக்கு ஓட்டுகிற மாரப்பன் வந்தார். நிதானமான மனுஷர். காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். எஸ்தர் மேடம் ஸ்வெட்டர் போட்டுத் தயாராக நின்றார். அடுத்த வீடுகளிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து, கொட்டகையிலிருந்து வண்டியை மெதுவாக வெளியே தள்ளினார்கள். தள்ளியவர்களில் இரண்டு பேர் பின்கதவில் அந்த இடத்திலேயே கையை ஊன்றினார்கள். அவர்களுக்கு அந்தக் கதை தெரியாது.

முப்பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் வெளிச்சம். அது பச்சைதான். கரும்பச்சை. பனியில் நனைந்ததும் நிறம் எழுந்து வந்தது. மேடம் இத்தனை வருஷமாகத் தான் அதைக் கறுப்பு என்றே ஞாபகம் வைத்திருந்ததாகச் சொன்னார்.

பலகை சாய்த்து, வடம் போட்டு இழுத்து லாரியில் ஏற்றினோம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நான்கு பக்கமும் கயிறு கட்டினான் ஆறுச்சாமி. மேடம் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மைசூர் விலாசத்தை எழுதிய சீட்டை அம்சாவிடம் கொடுத்தார். ஒரு தடவை ஓடினால் சத்தத்தைப் போனில் கேட்க வையுங்கள் என்றார்.

லாரியின் முன்னால் மாரப்பனைத் தவிர ஒருவருக்குத்தான் இடம். ஆறுச்சாமி அங்கே ஏறிக்கொண்டான். நாங்கள் பஸ்ஸில் வருகிறோம் என்றேன். அம்சா லாரியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாம அதுக்குள்ளயே உட்காந்துக்கலாமுங்களா?"

மாரப்பன் தலையைச் சொறிந்தார். மெதுவாகத்தான் போவேன், ஆனால் எழுந்து நிற்கக் கூடாது என்றார். அம்சாவை ஏற்றுவதற்குள் எல்லோருக்கும் சிரிப்பு. ஐம்பத்திரண்டு வயதில் பட்டுப் புடவையோடு லாரியில் ஏறினாள். நான் ஓட்டுகிற சீட்டில், அவள் எனக்கு இடது பக்கம்.

லாரி அசைந்தது. மேடம் பனிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டார். கையை ஆட்டிக்கொண்டிருந்தாரா, நிறுத்திவிட்டாரா, தெரியவில்லை. அம்சாவுக்கும் தெரியவில்லை என்றாள்.

முதல் வளைவில் என் கை தானாக ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தது. இரண்டாவது வளைவிலும். அம்சா பார்த்துவிட்டு, யார் ஓட்டுகிறது என்று கேட்டுச் சிரித்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

முப்பத்தொரு வருஷத்தில் இந்தப் பாதையில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன். சாலையைத் தவிர ஒன்றையும் பார்த்ததில்லை. அம்சா சொல்லிக்கொண்டே வந்தாள். அங்கே ஓர் அருவி, நூல் மாதிரி. அங்கே காட்டெருமை, ஒன்று இல்லை மூன்று, தேயிலைக்குள் நிற்கிறது. பள்ளத்தில் மேகம், அதற்கடியில் ஊர். அவள் சொல்லச் சொல்ல நான் முழுசாகத் திரும்பிப் பார்த்தேன். தலையைத் திருப்பினால் தெரிகிறது. திருப்ப நேரம் இருந்தது. வேறு வேலை ஒன்றும் எனக்கு இல்லை. நாங்கள் தரைக்கு மேலே, மரங்களின் இடுப்பு உயரத்தில், சத்தமில்லாத ஒரு காருக்குள் மிதந்து போய்க்கொண்டிருந்தோம். சில்வர் ஓக் இலைகள் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் போயின. குஞ்சப்பனை செக்போஸ்டில் ஒரு காவலர் நிமிர்ந்து பார்த்தார். லாரிமேல் கார், காருக்குள் நாங்கள். அவர் ஏனோ சல்யூட் அடித்தார். அம்சா ராணி மாதிரி கையசைத்தாள்.

பாக்குத் தோப்புகள் வந்ததும் பனி இல்லை. வெயில் உள்ளே வந்து தோல் வாசனையைக் கிளப்பியது. வீட்டுத் தெருமுனையில் மாரப்பன் லாரியை நிறுத்தி, இறங்கி வந்து, இறங்குங்கள் அண்ணா என்றார்.

நான் கதவில் கை வைத்தேன். அம்சா என் தோளைத் தொட்டாள்.

"ஆத்துப்பாலம் வரைக்கும் போயிட்டு வரலாமுங்களான்னு கேளுங்க" என்றாள்.

மாரப்பன் என்னைப் பார்த்தார். முன்னாலிருந்து ஆறுச்சாமியும் எட்டிப் பார்த்தான். நான் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டேன். லாரி மறுபடி கிளம்பியது.